மாட்டாஸ்பத்திரியில் டெய்சி இருந்த மழைக்காலம்

நாய்க்கு மூட்டுவாதம் வருமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த ரங்கூனில் கொஞ்சநஞ்சமில்லை. வரும். வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது தை மாதம், வானம் வெளுத்திருக்கிறது. டெய்சி கீழ்வீட்டு வாசலில் வெயிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். எனக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. அடுத்த மழைக்கு என்ன கதியோ, அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் வாயில்லா ஜீவன் வைத்திருப்பவர்கள் யாராவது படித்து, நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாமல் இருந்தால் போதும்.

செலவைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் என் வீட்டுக்காரருக்கு மறுபடியும் நெஞ்சு வலிக்கும்.

அவர் பெயர் ரத்தினம். ஆற்றங்கரை மரக்கிடங்கில் தேக்குக் கட்டைகளை எண்ணி அனுப்பும் குமாஸ்தா. அந்தக் கிடங்கின் பெரிய துரை ஒருமுறை சீமைக்குப் போய்த் திரும்பும்போது கப்பலில் ஒரு நாயைக் கூட்டி வந்தார். அதுதான் டெய்சி. சீமையில் இப்போது புதிதாக நாய்ப் பந்தயம் வந்திருக்கிறதாம். வட்டமாக ஒரு மைதானம், தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயல் ஒன்று, அதைத் துரத்திக்கொண்டு ஆறேழு நாய்கள், அதன்மேல் பணம் கட்டிக் கத்தும் கூட்டம். இவள் அதில் ஓடிக் கெலித்தவளாம். பின்னங்கால் பிசகியதும் பந்தயத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். உடம்பு சரியில்லாமல் துரை சீமைக்கே ஒரேயடியாகத் திரும்பும்போது, "ரத்னம், நீ வைத்துக்கொள். இல்லாவிட்டால் சுட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகம் வெளுக்கிற மனிதர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், மரவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழே டோ மியா. பர்மாக்கார அம்மாள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், வாசலில் பருப்பு வடை சுட்டு விற்கிறார். தமிழர்கள் நடுவிலேயே இருந்து இருந்து அவருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கோபம் வந்தால் மட்டும் பர்மியம். என் பெயர் தனம், அவர் வாயில் பர்மிய மரியாதையோடு 'மா தனம்'. டெய்சியைப் பார்த்ததும் அவர் வடைச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டே எழுந்து வந்தார்.

"மா தனம், இது என்னா? ஆடா, மானா?"

"நாய்தான். சீமை நாய்."

"நாயா! ஐயோ, எலும்பு எண்ணிடலாம்போல இருக்கே. அந்தத் தொர சோறு போடலையா? பாவி மனுசன்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது, இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. இந்த ஜாதி நாய்க்கு அதுதான் உடம்பு, அப்படி இருந்தால்தான் அதற்கு ஆரோக்கியம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? தமிழன் வீட்டில் ஒரு உயிர் ஒட்டிய வயிற்றோடு நின்றால் தெரு என்ன பேசும்? அன்றைக்கே நெய் விட்டுச் சோறு பிசைந்து போட்டேன். டோ மியா உடைந்த வடைகளைப் போட்டார். டெய்சிக்கும் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத குணம். நீள மூக்கை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு யாரால் கையை மடக்கிக்கொண்டு நிற்க முடியும்?

ஒரு வருஷத்தில் டெய்சி பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி ஆகிவிட்டாள். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்று தெருவே மெச்சியது. நானும் பூரித்துப் போனேன்.

வியாதியின் அறிகுறி எல்லாம் அப்போதே இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் கண் இல்லை. காலையில் எழுந்திருக்க நேரமாகும். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல், மறுபடி படுத்துக்கொள்வாள். எழுந்த பிறகும் சுடுமணலில் நடக்கிற மாதிரிதான் முதல் பத்தடி. அப்புறம் உடம்பு சூடேறியதும் சரியாகிவிடும். "வெள்ளைக்கார நாயில்ல, காலைல டீ குடிச்சாத்தான் அதுக்கு விடியும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் ஒருநாள் டீயும் கொடுத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். வலது பின்னங்காலை ஓயாமல் நக்குவாள். இடது தொடை உருண்டையாக இருக்கும், வலது தொடை மட்டும் வற்றிப்போயிருக்கும். தேக்குப் பலகைத் தரையில் கால் வழுக்கினால் அப்படியே ஒதுங்கி நின்றுவிடுவாள். தெருப்பிள்ளைகள் இடுப்பில் கை வைத்தால் உதட்டைச் சுருக்கி உறுமுவாள். வயசாகிறது, திமிர் வந்துவிட்டது என்று நாங்களே பேசிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அவள் ஒருநாள்கூடக் கத்தவில்லை. வலித்தால் நாய் ஊளையிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவள் வாயே திறக்கவில்லை.

ஆடி மாதம் மழை வலுத்துக்கொண்டது. ரங்கூன் மழை தெரியுமல்லவா, ஆரம்பித்தால் துணி காயாது, உப்பு உருகும், சுவர் வேர்க்கும். ஒருநாள் காலை மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த டெய்சி பாதியில் நின்றுவிட்டாள். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நான்கு காலும் வெடவெடவென்று நடுங்குகின்றன. படியிலேயே சிறுநீர் போய்விட்டது. அதற்காக வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாளே, அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் டோ மியா ஒரு பக்கமுமாகத் தூக்கி இறக்கினார்கள். குதிரைவண்டி பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

மாட்டாஸ்பத்திரி என்றால் தகரக்கொட்டகைதான். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பினாயில் நாற்றம், சாணி நாற்றம், நனைந்த ரோம நாற்றம். கழுத்தில் நுகம் அறுத்த புண்ணோடு வண்டிமாடுகள், கால் வீங்கிய வாடகைவண்டிக் குதிரைகள், ஒரு துரைசானியின் மடியில் தலைமுடி சீவி ரிப்பன் கட்டிய குட்டி நாய். நாங்கள் ஈரச் சாக்கு விரித்து டெய்சியைக் கிடத்திவிட்டுச் சுவரோரம் குந்தியிருந்தோம். எங்கள் முறை வருவதற்குள் பசி வந்து, பசி போய், தலைவலியும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தெலுங்கு வண்டிக்காரர், "நாய்க்கா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "உம்ம குதிரைக்கு நீர் உட்காரவில்லையா?" என்றேன். "குதிரை எனக்குச் சோறு போடுது, நாய் உங்களுக்கு என்ன போடுது?" என்றார். நான் டெய்சியின் பக்கம் திரும்பிச் சாக்கை இழுத்துவிட்டேன்.

டாக்டர் தேவசகாயம் நெல்லைப் பக்கத்துக்காரர். சென்னையில் படித்துவிட்டு இங்கே வந்தவர். பேச்சில் சிரிப்பே கிடையாது, கைமட்டும் பஞ்சு மாதிரி. பந்தயக் கதையைக் கேட்டுக்கொண்டே டெய்சியின் ஒவ்வொரு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். வலது பின்னங்கால் கணுவை மடக்கியபோது என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"உள்ளே நறநறன்னு உரசுது, ஐயா."

"அதான் வியாதி. ரெண்டு எலும்பு சேருற எடத்துல மெத்தை மாதிரி ஒரு குருத்து இருக்கும்மா. அது தேஞ்சு போச்சு. இப்ப எலும்பும் எலும்பும் நேரா உரசுது. கீல்வாதம்னு சொல்லுவாங்க. பந்தயத்துல எப்பவும் இடப்பக்கமாவே வளைஞ்சு ஓட விடுவாங்க, அதுல வலது கால்தான் முழு வேகத்தையும் தாங்கும். பழைய அடி வேற இருக்கு."

"குணமாகிடுமா?"

"ஆகாது. தேஞ்ச குருத்து திரும்ப முளைக்காது. வலியக் கொறைக்கலாம், நடக்க வைக்கலாம். அவ்வளவுதான்." பிறகு டெய்சியின் வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ன போடுதீங்க?"

சொன்னேன். நெய், சோறு, வடை, கருவாட்டுத் தலை, என்று பெருமையாகவே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, ஓடுறதுக்குன்னே பொறந்த ஒடம்பு இது. கால் குச்சி மாதிரி இருக்கு, அதுமேல அரிசி மூட்டையைத் தூக்கி வச்சிருக்கீங்க. தேஞ்ச மூட்டு எப்படித் தாங்கும்? வலியில பாதி வலி உங்க சோறுதான்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சோறு!

மாடிப்படியும் மழையும் இருக்கிற வீட்டில் வைத்தியம் நடக்காது என்று அவளை அங்கேயே நாய்க்கொட்டகையில் சேர்த்துக்கொண்டார். வைக்கோல் மெத்தை, உப்பு ஒத்தடம், கற்பூரத் தைலம், சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்பிரின் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குடலில் ரத்தம் கசியும் என்பதால் ஒரு பிடி சோறு போட்ட பிறகுதான் மாத்திரை. அந்த ஒரு பிடியும், கொஞ்சம் வேகவைத்த இறைச்சியும்தான் முழு நாளைக்கும். மூட்டை நிறுக்கிற தராசில் சாக்குத் தூளி கட்டி அவளை உட்காரவைத்து நிறுத்தார்கள். வாரம் ஒருமுறை நிறுக்க வேண்டும், இறங்கிக்கொண்டே வர வேண்டும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தினமும் சமையலை முடித்துவிட்டு நான் போவேன். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, என் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, அவள் கணுவில் ஒற்றி எடுப்பேன். அப்புறம் கொட்டகை ஓரமாகவே மெல்ல நடத்த வேண்டும். அப்படியே படுக்கப் போட்டால் மூட்டு இறுகிவிடும், அதிகம் நடத்தினால் வீங்கிவிடும். நாலடி போய் நின்று என்னைப் பார்ப்பாள். "வாடி, என் கண்ணுல்ல, இன்னும் ரெண்டடி" என்று நான் கெஞ்சுவேன். பக்கத்துக் கொட்டகையில் வீங்கிய குதிரைக் காலில் சூட்டுக்கோலால் சூடு போடுவார்கள், அது அலறும், டெய்சி என் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். மழையில் நனைந்து போய், நனைந்து வந்து எனக்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்து விளக்கேற்ற மனசு வராது.

அவளுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நான் ஒரு பருக்கைகூட எடுத்துப் போகவில்லை. அவள் என் கையை மோந்து மோந்து பார்ப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எடை இறங்கவில்லை. முதல் வாரம் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் கூடியிருந்தது. டாக்டர் தராசைச் சரிபார்க்கச் சொன்னார். சாப்பாட்டை இன்னும் குறைத்தார். அதற்கடுத்த வாரமும் கூடியது. ஆவணியும் முடியப் போகிறது, டெய்சி எழுந்து நிற்கவே மறுத்துவிட்டாள். படுத்த இடத்தில் தோல் உரிந்து புண் வேறு. டாக்டர் அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அரை வயித்துச் சாப்பாட்டுல எடை ஏறுதுன்னா அது சதை இல்லம்மா. உள்ள நீர் கோக்குது. இருதயம் கெட்டுப்போனா அப்படி வரும். எனக்கு நிச்சயமாத் தெரியல, ஆனா வேற காரணம் தோணல. கீல்வாதத்தோட இதுவும் சேந்தா இத வச்சிருக்கிறது பாவம். படுக்கைப்புண்ணுல புழு வைக்கும். குளோரோபாரம் கொடுத்துத் தூங்க வச்சிரலாம். வலிக்காது."

"எப்போ ஐயா?"

"நாளைக்குக் காலைல. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். அரை வயிற்றுச் சாப்பாட்டில் எடை ஏறுகிறது, உள்ளே நீர் கோக்கிறது, நாளைக் காலையில் முடித்துவிடப் போகிறார்கள். அவர் ஒரு செருப்போடு அப்படியே நின்றார்.

"எடை ஏறுதுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"தனம்... நான் கொஞ்சமாத்தான்..."

"என்ன கொஞ்சமா?"

"சாயங்காலம் கிடங்குலேர்ந்து வர்ற வழியில... ரொட்டியும் பாலும். ஒரு சின்ன ரொட்டிதான். தினமும் பாத்துட்டுத்தான் வருவேன். ஆஸ்பத்திரில கெடக்கறவளைப் பாக்க வெறுங்கையோடவா போறது? மனசு கேக்குமா?"

நான் கத்திய கத்தலில் தெருவிளக்கு ஏற்றுகிறவர் ஏணியோடு நின்று பார்த்தாராம். என் வாயில் என்னென்ன வந்ததோ. கீழேயிருந்து டோ மியா படியேறி வந்தார். எதற்குச் சண்டை என்று கேட்டார். சொன்னேன். அவர் மெல்ல என் வீட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்களுமா?" என்றேன்.

"பஜாருக்குப் போற வழி, மா தனம். வடை மட்டும்தான். கொஞ்சம் மீன் சோறு. நோயாளிகிட்டே ஒண்ணும் இல்லாம போனா நம்ம வழக்கம் இல்லையே. பசிச்ச ஜீவனுக்கு இல்லேன்னு சொன்னா குதோ எல்லாம் போயிடும்." அவர் குதோ என்றது புண்ணியத்தை. "ஒனக்குத் தெரிஞ்சா திட்டுவேன்னுதான் சொல்லல."

பார்த்துக்கொள்ளுங்கள்! காலையில் ஒருத்தி வடை, மத்தியானம் ஆஸ்பத்திரி இறைச்சி, சாயங்காலம் ஒருத்தர் ரொட்டி பால். நடுவில் நான் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொட்டகைக் காவலாளி கேட்டதற்கு இரண்டு பேருமே டாக்டர் சொல்லித்தான் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் தெரியாது. கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: அப்படியானால் நீர் இல்லை. இருதயம் கெடவில்லை. சோறுதான்!

டாக்டர் எங்கே குடியிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. விடிவதற்குள் மூன்று பேரும் தயாராக இருந்தோம். மழையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. நடந்தோம், பிறகு ஓடினோம். டோ மியாவுக்கு மூச்சு வாங்குகிறது. "நீங்கள் மெல்ல வாருங்கள்" என்றால் கேட்கவில்லை. "கொல்லப் போறாங்க, நான் மெல்ல வரணுமா?" என்று லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார்.

நாங்கள் போனபோது டாக்டர் பெஞ்சியில் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வைத்திருந்தார். டெய்சியைக் கொட்டகையிலிருந்து சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வாலை ஒருமுறை தரையில் தட்டினாள்.

"ஐயா, நிறுத்துங்க! அது நீர் இல்ல, சோறு!" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைச் சொன்னார். டோ மியா வடையைச் சொன்னார், மீன் சோற்றையும் சொன்னார், பனைவெல்லம் இரண்டு நாள் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னார். அது எனக்கே புதுச் செய்தி. டாக்டர் பாட்டிலை மூடினார். பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"ஒரு உயிரைக் கொன்னிருப்பேன்" என்றார். "உங்க மூணு பேரோட பிரியத்தால ஒரு உயிரைக் கொன்னிருப்பேன்."

எழுந்து போய்ப் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"இதப் பாருங்க. இது இருதயம் இல்லன்னா இன்னும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கேன். ஆனா இனிமே யாரும் இங்க வரப்படாது. பாக்கவும் வரப்படாது. ஒத்தடம் எங்க ஆளுக கொடுப்பாங்க."

"நான் சோறு கொண்டு வரலையே ஐயா!" என்றேன்.

"நீங்க கொண்டு வரல. நீங்க வந்தா அவங்களுக்கும் வரத் தோணும். வேண்டாம்மா."

அந்த நாட்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஓடி ஓடி அலைந்த நாட்களில் உடம்புதான் சலித்தது. போகக் கூடாது என்று உட்கார்ந்த நாட்களில் மனசே சலித்துவிட்டது. சமையல் ஆனதும் கால் தானாக வாசலுக்குப் போகும். நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாளோ என்று நினைப்பேன். என் வீட்டுக்காரர் கிடங்கிலிருந்து சுற்றுவழியில் வர ஆரம்பித்தார், மாட்டாஸ்பத்திரித் தெரு கண்ணில் படக் கூடாது என்று. அவரோடு நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். ஒருநாள் என் முழங்காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உப்பை வறுத்து எடுத்து வந்து ஒற்றிவிட்டார். உப்பைக் கருக்கிவிட்டிருந்தார். அதற்கப்புறம் பேசத் தொடங்கினேன்.

மழை விட்டு, கார்த்திகையில் தங்கள் தீபத் திருநாளுக்காகப் பர்மாக்காரர்கள் வாசலெல்லாம் விளக்கு கட்டிக்கொண்டிருந்த சமயம் ஆள் வந்தது, நாயைக் கூட்டிப் போகலாம் என்று. மூன்று பேரும் போனோம். கொட்டகைக் கதவு திறந்தது. டெய்சி தன் காலாலேயே நடந்து வந்தாள். கொஞ்சம் விந்தல் இருந்தது, ஆனால் நடந்து வந்தாள். விலா எலும்பு தெரிந்தது, இடுப்பு ஒட்டியிருந்தது. பட்டினி போட்டுவிட்டார்களோ என்று பதறினேன். அப்புறம்தான் இதுதான் அவள் உடம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நேரே வந்து என் வயிற்றில் தலையை முட்டி வைத்துக்கொண்டு நின்றாள். நான் அங்கேயே, அத்தனை வண்டிக்காரர்கள் பார்க்க, ஓவென்று அழுதேன்.

டாக்டர் சொல்லி அனுப்பியதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மாடிப்படி கூடவே கூடாது. வழுக்கும் பலகைத் தரையில் சாக்கோ பாயோ விரிக்க வேண்டும். இந்த ஜாதிக்குத் தோல் மெல்லிசு, கொழுப்பு கிடையாது, ஈரமும் குளிரும் நேரே எலும்பில் ஏறும். ஆகவே தடித்த மெத்தை, மழையில் மேலே போர்வை. ஒரே நடையாக அழைத்துப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை நடத்த வேண்டும். நகம் வளர்ந்தால் கால் ஊன்றுவது கோணலாகிவிடும், வெட்டிவிட வேண்டும். வீக்கம் கண்ட நாளில் மட்டும் மாத்திரை, அதுவும் வயிற்றில் ஏதாவது போட்ட பிறகு. எல்லாவற்றுக்கும் மேலே, அரை வயிறு.

மாடிப்படி கூடாது என்றதும் டெய்சி இருக்க ஒரே இடம் டோ மியாவின் கீழ்வீடுதான். வடை சுடுகிற வீடு! அன்று சாயங்காலமே டோ மியா மாடியேறி வந்தார். தன் பலகார அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல, மா தனம். காலைல வடை எடுக்கும்போது நீ வந்து தொறந்து குடு" என்றார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. தினமும் விடிந்ததும் இறங்கிப் போய் இன்னொருத்தி வீட்டு அலமாரியைத் திறந்து கொடுத்துவிட்டு வருகிறேன்.

தெருவில் வசவுக்குக் குறைவில்லை. "சீமை நாயைக் கூட்டி வந்து பட்டினி போடறா பாரு" என்று என் காது படவே சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

டெய்சி நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன். காலையில் இன்னும் கால் இறுகித்தான் எழுந்திருக்கிறாள். இப்போது அது என்னவென்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். போன வாரம் நகம் வெட்ட டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். மூட்டை மடக்கிப் பார்த்தார்.

"இந்த வெயில் காலம் ஓடிரும். அடுத்த மழை தாங்கும். அதுக்கு அடுத்தது எனக்குத் தெரியாது" என்றார். "ஒருநாள் எழுந்திருக்க மாட்டா. அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க. இங்க தூக்கிட்டு வர வேண்டாம், நானே வீட்டுக்கு வாரேன்."

அதைக் கேட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"ஐயா, அன்னைக்கு நீங்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி... நான் அவளுக்கு நெய் விட்டுச் சோறு பிசைஞ்சு போடலாமா? வயிறு நிறைய?"

அவர் டெய்சியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"போடுங்கம்மா. அன்னைக்கு நான் எடை பாக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து டோ மியாவிடம் சொன்னேன். உயிரைக் கொல்வது அவருக்கு ஆகாது, அவர் கும்பிடுகிற புத்தர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சண்டைக்கு வரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எண்ணெயில் வடை கருகியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சாவுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன், மா தனம்" என்றார். "சோறு நான் ஆக்குறேன்."